அண்ணாச்சி கடையில் ஒரு பார்ஸல்

சென்ற தீபாவளிக்குச் சுமார் பத்து நாள் முன்பு எனக்கு ஒரு தலைகுனிவு ஏற்பட்டது. உபாத்தியாயர்களுக்குத் தலைகுனிவு ஏற்படுவது அதிசயமான விஷயம் அல்ல. பையன்கள் பரீட்சையில் கோட்டை விட்டால் எங்களுக்குத் தலைகுனிவு. மேலதிகாரி திடீரென்று வகுப்பில் நுழைந்து வாய்ப்பாடு கேட்டால் தலைகுனிவு. ஆனால் இந்தத் தடவை அதற்குக் காரணமாயிருந்தது பதினான்கு கிலோ எடையுள்ள ஓர் அட்டைப் பெட்டி.

மத்தியான இடைவேளையில் கைபேசி அலறிற்று. "சார், வீடு பூட்டியிருக்கு. பார்ஸலை என்ன செய்யட்டும்?" என்று ஒரு வாலிபக் குரல் கேட்டது. எங்கள் தெருவில் இந்தக் கேள்விக்கு எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. நானும் யோசியாமல் அதையே சொன்னேன்: "தெரு முனையில் அண்ணாச்சி கடை இருக்கிறது, தம்பி. அங்கே கொடுத்துவிட்டுப் போ." சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. வகுப்புக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டு கடைக்குப் போனபோதுதான் விஷயம் சுருக்கென்று தைத்தது. உப்பு மூட்டைக்கும் வெங்காயக் கூடைக்கும் நடுவில் என் பெட்டி வீற்றிருந்தது. சாரலில் அதன் ஒரு மூலை ஊறிக் கிழிந்து போயிருந்தது. கிழிசலின் வழியாகத் துவரம் பருப்புப் பொட்டலமும், அதன் பின்னால் சலவைச் சோப்பும், நல்லெண்ணெய்ப் பாட்டிலின் கழுத்தும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. மளிகைக் கடைக்காரரிடம் நான் காவலுக்கு விட்டிருந்தது என் வீட்டு மாதாந்திர மளிகைச் சாமானை!

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். "கனமா இருக்கு சார். சைக்கிள்ல வைக்கதுக்குள்ள அடி பிஞ்சிரும்" என்று மட்டும் சொல்லி, ஆணியில் தொங்கிய சணற்கயிற்றை உருவி, பெட்டிக்குக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கட்டுப் போட்டார். கிழிந்த மூலையில் ஒரு சாக்குத் துண்டையும் செருகினார். தம் கடையில் வாங்கிய சாமானுக்கு எப்படிக் கட்டுப் போடுவாரோ அப்படியே போட்டார். நான் "தாங்க்ஸ் அண்ணாச்சி" என்றேன். அந்த வார்த்தை எனக்கே அசட்டுத்தனமாகப் பட்டது.

இதில் தலை குனிய என்ன இருக்கிறது, பணம் உம்முடையது, எங்கே வேண்டுமானாலும் வாங்க உமக்குப் பாத்தியதை உண்டு என்று நேயர்கள் சொல்லக்கூடும். சொல்லுகிறவர்களுக்கு ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2008ஆம் வருஷம் நான் நிதியுதவி பெறும் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். நியமன உத்தரவு கைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த நியமனத்தை அங்கீகரிக்கும் உத்தரவு வரவில்லை. அங்கீகாரம் வராமல் சம்பளம் வராது. இந்த இரண்டு உத்தரவுகளுக்கும் இடையே பதினான்கு மாதம் ஓடிற்று. அப்போதுதான் கலியாணமாகிக் கும்பகோணத்தில் குடித்தனம் வைத்திருந்தோம். பிள்ளையும் பிறந்துவிட்டான். ஊரில் புதிதாக வந்த மனுஷன், சம்பளம் இல்லாதவன், ஜாமீன் கொடுக்க ஒருவரும் கிடையாது. அப்படிப்பட்டவனுக்கு எந்தப் பாங்கியாவது கடன் கொடுக்குமா? அண்ணாச்சியிடம் நீல அட்டை போட்ட ஒரு நீள நோட்டு உண்டு. அதில் 'ஸ்கூல் சார்' என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் ஒதுக்கினார். அது பதினோரு பக்கமாக வளர்ந்தது. வட்டி போடவில்லை, விலையில் ஏற்றியும் வாங்கவில்லை. "சம்பளம் வரும்போது கொடுங்க சார். அரிசி வாங்காம இருந்திராதீங்க" என்பார். நிலுவை முழுவதையும் தீர்த்த தினம், கால் கிலோ கற்கண்டைப் பொட்டலம் மடித்துக் குழந்தையின் கையில் கொடுத்தார்.

அந்தக் குழந்தைதான் இப்போது பெட்டியைப் பிரித்து, "அப்பா, இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் மிச்சம்!" என்று பில்லைப் படித்துக் காட்டினான்.

பெட்டிக்கு ஆர்டர் போட்டவள் என் மனைவி என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். பணம் கட்டும் பொத்தானை அமுக்கியது நான். மேலும், அவளுடைய கட்சியையும் கேட்க வேண்டுமல்லவா?

"அண்ணாச்சி தங்கமான மனுஷர்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை" என்று ஆரம்பித்தாள். "ஆனால் போன மாதம் வாங்கிய ரவையில் வண்டு இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், 'சலிச்சுக்கிட்டா சரியாயிரும் அக்கா' என்கிறார். பத்துப் பேர் நிற்கும் இடத்தில் நான் என்ன வாதாடுவது? என்ன விலை என்று எதிலும் எழுதிப் போடுவதில்லை. ஒவ்வொன்றையும் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வேண்டாமென்றால் மனசுக்குச் சங்கடம். இரண்டு பேரும் வேலைக்குப் போய் ஏழு மணிக்கு வீடு திரும்புகிறோம். அந்தப் பெட்டி வண்டு இருந்தால் வாயைத் திறவாமல் எடுத்துக்கொண்டு போகிறது."

இந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. சிறு கடைகளுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் சாதாரணமாக இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். கடைக்காரர் ஏழை, கம்பெனி பணக்காரன், ஆகையால் ஏழையிடம் வாங்கு என்று உபதேசித்தால் ஜனங்கள் ஒரு வாரம் கேட்பார்கள். எட்டாம் நாள் வண்டு ஞாபகத்துக்கு வரும். சில்லறை இல்லையென்று மீதிக் காசுக்கு மிட்டாய் கொடுத்த காலத்தை யாராவது மறந்திருப்பார்களா? ஒரு வருஷத்தில் எத்தனை மிட்டாய் எங்கள் வீட்டுக்கு அப்படி வந்திருக்கும் என்று நான் ஒரு சமயம் கணக்குப் பார்த்ததுண்டு. 2016இல் யு.பி.ஐ. என்னும் கைபேசிப் பட்டுவாடா தேசத்துக்கு வந்த பிறகுதான் அந்த மிட்டாய் ஒழிந்தது. இப்போது அண்ணாச்சியின் மேஜையில் ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்துகொண்டு, வந்த தொகையைத் தமிழில் உரக்கக் கூவுகிறது. கடைக்காரர்கள் புது வழிகளுக்கு மாறமாட்டார்கள் என்று சொல்லுகிறவர்கள் அந்தப் பெட்டியை ஒரு தடவை கேட்க வேண்டும்.

மூன்று நாள் கழித்து, உப்பு வாங்கும் சாக்கில் கடைக்குப் போனேன். கூட்டம் இல்லை. அண்ணாச்சி தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சார், நீங்க படிச்சவங்க. ஒரு சந்தேகம். சோப்பும் எண்ணெயும் ஏஜெண்டுகிட்ட நான் கொள்முதல் பண்ணுத விலை ஒண்ணு இருக்குல்லா? அதைவிடக் கம்மியா அவன் வீட்டுல கொண்டாந்து குடுக்கானே, அது எப்படி சார்?"

கேள்வியில் கோபம் இல்லை. அது நிஜமாகவே ஒரு சந்தேகந்தான். "யோசித்துச் சொல்லுகிறேன், அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன். பையன்களிடம் 'யோசித்துச் சொல்' என்பது வழக்கமேயொழிய நான் யோசிக்கிற வழக்கம் குறைவு. அன்றிரவு உட்கார்ந்து யோசித்தேன்.

முதற் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. லக்ஷம் பெட்டி வாங்குகிறவனுக்கு உற்பத்தி செய்கிறவன் கொடுக்கும் விலை வேறு. பன்னிரண்டு பெட்டி வாங்குகிறவனுக்கு ஏஜெண்டு கொடுக்கும் விலை வேறு. பெரிய கம்பெனிகளின் சோப்பிலும் பற்பசையிலும் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாயை ஒட்டித்தான் தமக்கு நிற்கிறது, பலவற்றில் அதுவும் இல்லை என்று அண்ணாச்சியே சொல்லியிருக்கிறார். அந்தப் பத்திலிருந்துதான் வாடகை, மின்சாரம், பையன் சம்பளம், எலி கடித்த நஷ்டம் எல்லாம். இரண்டாவது, வலையில் விற்கிறவனுக்குச் சாமானில் மட்டும் வரவு இல்லை. தன் தளத்தில் விற்கும் வியாபாரிகளிடம் கமிஷன் வாங்குகிறான். எந்தச் சோப்பின் பெயரை முதலில் காட்டுவது என்பதற்கு விளம்பரக் கூலியும் வாங்குகிறான். அண்ணாச்சி கடையில் முன்தட்டில் எதை அடுக்கினாலும் அவருக்கு ஒரு காசும் கிடைப்பதில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். அவர்களால் நஷ்டப்பட முடியும். அமேஸான் கம்பெனி 1995இல் அமெரிக்காவில் புத்தகம் விற்க ஆரம்பித்தது. ஒரு முழு வருஷக் கணக்கில் அது முதன்முதலாக லாபம் கண்டது 2003இல். எட்டு வருஷம்! எட்டு மாதம் நஷ்டப்பட்டால் அண்ணாச்சி தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான். நம் தேசத்தில் 2007இல் பெங்களூரில் ஆரம்பமான பிளிப்கார்ட்டும் புத்தகம் விற்றுத்தான் தொடங்கிற்று. 2018இல் அதில் நூற்றுக்கு எழுபத்தேழு பங்கை, சுமார் 1,600 கோடி டாலர் கொடுத்து, அமெரிக்க வால்மார்ட் வாங்கிக்கொண்டது. அந்த மாதிரி மூலதனத்தின் எதிரே, தினந்தோறும் கல்லாவை எண்ணிப் பார்த்து மறுநாள் கொள்முதல் செய்கிற மனுஷர் நிற்கிறார்.

இவ்வளவையும் எழுதியபோது, எனக்கு வருஷந்தோறும் பத்தாம் வகுப்புக்கு நடத்தும் பாடம் ஒன்று ஞாபகம் வந்தது. 1906ஆம் வருஷம் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. மூலதனம் பத்து லக்ஷம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். எதிர்க் கப்பற் கம்பெனி வெள்ளைக்காரர்களுடையது. அவர்கள் கட்டணத்தைத் தலைக்கு ஒரு ரூபாயாகக் குறைத்தார்கள். சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கிற்று. உடனே வெள்ளைக்காரக் கம்பெனி இலவசமாக ஏற்றிச் செல்வதாகச் சொல்லி, அதற்கு மேல் ஆளுக்கொரு குடையும் தந்தது! 1908இல் பிள்ளையவர்களைச் சிறையில் வைத்தார்கள். 1911இல் கம்பெனி கலைந்தது.

இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம், குடையை வாங்கிக்கொண்டு கப்பலேறின ஜனங்களைப் பற்றிப் பையன்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்ததுண்டு. இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் மிச்சம் பிடித்த அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணாச்சியின் சொந்த ஊர் அந்தத் தூத்துக்குடிப் பக்கந்தான்.

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கத்தான் இருக்கிறது. அந்நிய முதலீடு பெற்ற வலைக் கம்பெனி நேரே சரக்கு வைத்து விற்கக் கூடாது. பிறர் விற்பதற்குச் சந்தை மட்டுமே நடத்தலாம் என்பது நம் தேசத்து விதி. 2019 பிப்ரவரி முதல் அமலுக்கு வந்த திருத்தத்தில், தான் பங்கு வைத்திருக்கும் வியாபாரியைத் தன் சந்தையில் விற்க விடக் கூடாதென்றும் சேர்த்தார்கள். 2020இல் அமேஸான், பிளிப்கார்ட் இரண்டின் நடத்தையைப் பற்றியும் விசாரிக்கும்படி போட்டி ஆணையம் உத்தரவிட்டது. வழக்கு, அப்பீல், மறுபடி வழக்கு என்று அது நடக்கிற வேகத்தில் நடக்கும். பிரெஞ்சுக்காரர்கள் வேறு தினுசாகச் செய்தார்கள். 1981இல் ஒரு சட்டம் போட்டு, புதுப் புத்தகத்தை விலையிலிருந்து நூற்றுக்கு ஐந்துக்கு மேல் எவரும் குறைக்கக் கூடாது என்றார்கள். வலைக் கம்பெனிகள் அனுப்பும் கூலியை ரத்து செய்து அதைச் சுற்றிக்கொண்டு போகவே, 2023 அக்டோபரிலிருந்து 35 யூரோவுக்குக் குறைந்த புத்தக ஆர்டருக்குக் குறைந்த பக்ஷம் 3 யூரோ அனுப்புங்கூலி வாங்கியே தீரவேண்டும் என்றும் விதித்தார்கள். நம் சென்னைப் புத்தகக் காட்சியிலும், 1977இல் ஆரம்பித்த அந்தத் திருவிழாவில், எந்தக் கடைக்குப் போனாலும் பத்து சதவீதத் தள்ளுபடி என்ற ஒரு சம்பிரதாயம் உண்டு. அங்கே சின்னப் பதிப்பாளரும் பெரியவரும் பக்கத்துப் பக்கத்தில் பிழைக்கிறார்கள். ஆனால் துவரம் பருப்புக்கு யார் சட்டம் போடப் போகிறார்கள்? போட்டாலும், விலை ஏறிற்று என்று முதலில் கூச்சலிடுகிறவன் நானாகவே இருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கையில் இரண்டு காகிதத்தோடு கடைக்குப் போனேன். ஒன்று பெட்டியோடு வந்த பில். மற்றொன்று, அதே சாமான்களை எழுதி விலைக்கு இடம் விட்ட ஜாபிதா. அண்ணாச்சியின் மகன் உட்கார்ந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் சரித்திரம் படித்தவன், பிறகு பி.காம். தேறினான். அவனைத்தான் விலை போடச் சொன்னேன்.

"எதுக்கு சார் இதெல்லாம்?" என்றான். "தையோட கடைக்கு அக்ரிமெண்டு முடியுது. வாடகை ஏத்திக் கேக்காங்க. விட்டுரலாம்னு அப்பா சொல்லுதாங்க. நான் சென்னையில ஒரு கோடவுன்ல வேலை கேட்டிருக்கேன்." எந்த மாதிரிக் கோடவுன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

ஆயினும் விலையைப் போட்டான். இருபத்துமூன்று சாமான்களில், பெட்டியில் மலிவாயிருந்தவை பதினொன்று. நான்கு சமம். மீதி எட்டு அண்ணாச்சி கடையில் மலிவு! எனக்கே ஆச்சரியமாயிருந்தது. பெட்டியில் மலிவானவை எவை என்று பார்த்தால், சோப்பு, பற்பசை, சலவைத் தூள், பாட்டில் எண்ணெய், டீத்தூள் முதலிய கம்பெனிச் சரக்கு. கடையில் மலிவானவை கொத்தமல்லி விதை, மிளகாய், புளி, வெல்லம், பொட்டுக்கடலை, ரவை, அப்பளம், உளுந்து. அதாவது, மூட்டை பிரித்து நிறுத்துக் கொடுக்கிற சரக்கு. அவற்றில்தான் கடைக்காரருக்கு நிற்கும் லாபமும் அதிகம்.

அப்போது கடையை ஒரு புதுக் கண்ணோடு பார்த்தேன். வாசலில், கண்ணுக்கு எதிரே, சரஞ்சரமாகத் தொங்குபவை எவை? ஷாம்புப் பொட்டலங்களும் கம்பெனிச் சோப்புகளும். தாம் தோற்பது நிச்சயமான சரக்கையெல்லாம் முன்னணியில் நிறுத்தி, ஜயிக்கக்கூடிய கொத்தமல்லியையும் வெல்லத்தையும் இருட்டில் பின் அறையில் மூட்டை கட்டிப் போட்டிருந்தார் அண்ணாச்சி. ரவையில் வண்டு விழுந்ததும் அந்த இருட்டினால்தான். நூறு ரவைப் பைகளை மூன்று நாளில் விற்கிறவனிடம் வண்டுக்குக் குடியேற அவகாசம் இல்லை. ஒரே மூட்டையை ஒன்றரை மாதம் விற்றால் வண்டு மட்டுமா, அதன் பேரன் பேத்திகளும் வரும்.

எங்கள் ஊர்க் காப்பித்தூள் கடைகளைப் பாருங்கள். கும்பகோணத்துக்காரனுக்குக் காப்பியை உதாரணம் காட்டாமல் பேச வராது, பொறுத்துக்கொள்ள வேண்டும். கொட்டையை வறுத்து, கண்ணெதிரே அரைத்து, சுடச்சுடப் பொட்டலம் கட்டுகிற கடையை எந்த வலைக் கம்பெனியும் அசைக்கவில்லை. அந்த வீட்டுக்குச் சிக்கரி இருபது, இந்த வீட்டுக்குச் சிக்கரியே ஆகாது, மூன்றாம் வீட்டு மாமாவுக்குச் சற்றுக் கருக வறுத்ததுதான் பிடிக்கும் என்றெல்லாம் அந்தக் கடைக்காரர் மனப்பாடமாக வைத்திருக்கிறார். அரைத்த தூளின் மணம் நாளுக்கு நாள் குறைகிறது. ஆகவே தூரம்தான் அதற்குச் சத்துரு. தூரம் சத்துருவாக உள்ள சரக்கு எதுவோ அதிலெல்லாம் தெருமுனைக் கடைதான் ராஜா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய நகரங்களில் இப்போது சில நிமிஷங்களுக்குள் சாமானை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கும் கம்பெனிகள் வந்திருக்கின்றன. அதை எப்படிச் சாதிக்கிறார்கள்? பேட்டைக்குப் பேட்டை, வீதிக்கு அருகிலேயே ஒரு கிட்டங்கி வைக்கிறார்கள். அதற்கு வாடிக்கைக்காரர் நுழைய வாசல் கிடையாது. பெயர்ப் பலகை கிடையாது. யோசித்துப் பார்த்தால் அதுவும் தெருமுனைக் கடைதான், வாசலை மட்டும் அடைத்த கடை. கோடி கோடியாகப் பணம் போட்டவர்கள் கடைசியில் கண்டுபிடித்தது, வீட்டுக்குப் பக்கத்தில் சரக்கு இருக்க வேண்டும் என்பதை! அந்தப் பக்கம் என்கிற ஆஸ்தி அண்ணாச்சியிடம் முப்பது வருஷமாக இருக்கிறது. அதற்கு அவர் விலையே போட்டதில்லை. என் பெட்டியைக் காவல் காத்ததற்கு என்ன கூலி வாங்கினார்? 2015இல் அமேஸான் கம்பெனி நம் தேசத்தில் ஒரு திட்டம் ஆரம்பித்தது: கடையில் இடமும் கையில் ஓய்வும் உள்ள சிறு வியாபாரிகள், சுற்றுவட்டாரத்துப் பார்ஸல்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பார்ஸலுக்கு இவ்வளவு என்று கூலி. ஆக, அண்ணாச்சி தெருவுக்கெல்லாம் இலவசமாகச் செய்துவந்த உபகாரத்துக்குச் சந்தையில் விலை உண்டு.

இதையெல்லாம் நான் ஒரு சொற்பொழிவாகவே செய்துவிட்டேன். பையன் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணாச்சி உள்ளேயிருந்து வந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப, சோப்புல அவன்கூட மல்லுக்கு நிக்க வேண்டாங்கீங்க" என்றார். நான் அரைமணி நேரம் சொன்னதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

பிறகு நடந்ததில் பெரும்பகுதி பையனுடைய காரியம். விலை எழுதின பலகை ஒன்று வாசலில் ஏறிற்று. தினமும் காலையில் அழித்து எழுத வேண்டும் என்பது என் நிபந்தனை. கரும்பலகை விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. ஷாம்புச் சரங்கள் பக்கவாட்டுக்குப் போயின. கண்ணாடி மூடி போட்ட தகர டப்பாக்களில் கொத்தமல்லியும் மிளகாயும் பருப்பும் முன்னால் வந்தன. தெருவில் உள்ள வீடுகளின் கைபேசி எண்களைச் சேர்த்துக்கொண்டு, வாட்ஸப்பில் ஜாபிதா வந்தால் இரவு எட்டு மணிக்குள் வீட்டில் சேர்ப்பதாகப் பையன் சொல்லிவிட்டான். கூலி கிடையாது, தூரம் அதிகம் போனால் நானூறு அடி. சரக்கு பிடிக்காவிட்டால் கேள்வி கேட்காமல் திருப்பி எடுத்துக்கொள்வது என்ற விஷயத்தில்தான் அண்ணாச்சிக்கும் மகனுக்கும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. கடைசியில் மகன் ஜயித்தான்.

கொள்முதல் விஷயம் எளிதாக முடியவில்லை. தனியாக விருதுநகரிலிருந்து மூட்டை தருவித்தால் லாரிக் கூலி கட்டாது. சுற்றுவட்டாரத்துக் கடைக்காரர்கள் ஆறு பேரைச் சேர்த்துப் பேசினோம். நான் 1904இல் திருவல்லிக்கேணியில் சில நண்பர்கள் கூடி ஆரம்பித்த கூட்டுறவுப் பண்டகசாலை நூறு வருஷத்துக்கு மேலாக நடப்பதைப் பற்றி விஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். ஆறு பேரில் இருவர் ஒருவரோடொருவர் பேசாதவர்கள். காரணம் பழைய சீட்டுத் தகராறு. ஒருவர் வந்து காப்பி சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்று பேர் சம்மதித்தார்கள். அண்ணாச்சியோடு நால்வர். மார்கழியில் முதல் தடவையாகப் பருப்பும் மிளகாயும் சேர்ந்து வாங்கினார்கள். கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் குறைந்தது. பெரிய வெற்றி என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ஒன்றிரண்டு ரூபாய்தான் மூட்டைச் சரக்கில் பெட்டிக்காரனுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம்.

சர்க்கார் ஆதரவில் 2021 டிசம்பரில் தொடங்கிய ஓ.என்.டி.ஸி. என்னும் பொது வலையில் கடையைச் சேர்க்கலாம் என்றும் பையன் சொல்லிக்கொண்டிருக்கிறான். வலையில் விற்பவன் எவ்வளவு சிறியவனானாலும் ஜி.எஸ்.டி. பதிவு செய்துகொண்டாக வேண்டும் என்றிருந்த விதியை, மாநிலத்துக்குள்ளேயே விற்கும் சிறு வியாபாரிகளுக்கு 2023 அக்டோபர் முதல் தளர்த்தியிருக்கிறார்கள். அது நல்லதுதான். எங்கள் தெருவுக்கு அது எவ்வளவு தூரம் பயன்படும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ரவை.

கடன் நோட்டு விஷயத்தில் மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. வியாபார சாஸ்திரப்படி பார்த்தால் அந்த நீல நோட்டுதான் அண்ணாச்சியின் பெரிய பலவீனம். வசூலாகாத பக்கங்கள் அதில் எத்தனையோ. ஆனால் வலைக் கம்பெனிகளும் இப்போது 'இப்போது வாங்கு, பிறகு கொடு' என்று கடன் தர ஆரம்பித்திருக்கின்றன. அதற்கு அவர்கள் முதலில் பார்ப்பது நம்முடைய பழைய கடன் சரித்திரத்தை. 2008இல் எனக்குச் சரித்திரமே இருக்கவில்லை. 2020 மார்ச்சு 25ஆம் தேதி தேசம் முழுவதும் ஊரடங்கு வந்தபோது, எங்கள் தெருவில் கூலி வேலைக்காரர்கள் குடியிருக்கும் கோடியில் ஒரு வீட்டுக்கும் சரித்திரம் கிடையாது. கம்பெனிகளின் வண்டிகள் நின்று போயிருந்த அந்த வாரங்களில், அண்ணாச்சி அரைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வீடுகளுக்கெல்லாம் நோட்டில் பக்கம் போட்டார். அதில் எவ்வளவு திரும்பி வந்தது என்று நான் கேட்டதில்லை. அப்படிப்பட்ட நோட்டை மூடிவிடுங்கள் என்று சொல்ல, அதில் பதினோரு பக்கம் சாப்பிட்டவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

தை பிறந்தது. கரும்பும் மஞ்சள் கொத்தும் வெல்லமும் வாசல் நிறைய அடுக்கியிருந்தார்கள். அந்த நாலு நாள் வியாபாரம் நன்றாக இருந்ததாகப் பையன் சொன்னான். வீட்டுக்காரர் கேட்ட வாடகையில் பாதி ஏற்றத்துக்கு ஒப்புக்கொண்டார். பதினொரு மாதத்துக்கு அக்ரிமெண்டு எழுதியிருக்கிறார்கள். சென்னைக் கோடவுன் வேலையைப் பையன் வேண்டாமென்று எழுதிவிடவில்லை; இப்போதைக்கு வரமுடியாது என்று எழுதியிருக்கிறான்.

நாங்களும் முழுக்கத் திருந்திவிட்டோம் என்று நேயர்கள் நினைத்துவிடக் கூடாது. சலவைத் தூளும் பற்பசையும் இன்னும் பெட்டியில்தான் வருகின்றன. அது அண்ணாச்சிக்கும் தெரியும். வீடு பூட்டியிருந்தால் அங்கேதான் வைத்துவிட்டுப் போகிறார்கள். மற்றவற்றுக்கு என் மனைவி மாதம் பிறந்ததும் கைபேசியில் ஜாபிதா அனுப்புகிறாள். சென்ற வாரம் அனுப்பினதற்கு அரைமணிக்குள் பதில் வந்தது. பையன் எழுதுகிற பாஷை அல்ல. அண்ணாச்சியே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதியது என்று பார்த்தவுடனே தெரிந்தது. அவள் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினாள்.

"அக்கா எல்லாம் ராத்திரி வந்துரும். ரவை மட்டும் வேண்டாம். இப்ப இருக்கது பழசு. வியாழக்கிழமை புதுசு வருது அதுல தாரேன்."